காலி குடோனில் பிறந்த மூன்றாவது கேசட்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அருமைத் தலைவர் பொன்னுவேல் அவர்களே! எங்கள் பிள்ளைகளின் பாட்டையெல்லாம் டேப்பில் பிடித்துத் தந்த சேலத்து ஞானசுந்தரம் அவர்களே! கொட்டச்சேட்டிலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்த பெரியோர்களே! கிளியூரிலிருந்து கைக்குழந்தையோடு நடந்தே வந்த தாய்மார்களே! 'இடிமின்னல்' என்று பெயர் வைத்து ஏற்காட்டையே அதிரவைத்த நான்கு பெண்களே! பாடிய சரஸ்வதி, கிடார் மீட்டிய இரட்டையர் காமாட்சி, மீனாட்சி, டிரம் அடித்த என் பேத்தி ராசம்மாள்! முன்வரிசையில் தோளை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும், எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஐயா அவர்களே! அனைவருக்கும் குப்பாயியின் வணக்கம்!

மூன்றாவது கேசட்டுக்குப் பத்தாம் ஆண்டு விழா. அந்த அபூர்வச் சத்தத்துக்குக் காரணமே ரைட்டர்தானாம். அவருக்குப் போர்த்தச் சொல்லிப் பொன்னாடையை என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். ஆகட்டும்! அதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் மறதி? அது என் வாசற்படி மிதித்ததே இல்லை!

எண்பத்தாறில் இந்தப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது. எஸ்டேட் குடோனில் நான் மூட்டை தைத்தேன். காப்பி மூட்டைகள் கூரைவரை இருந்தால் சத்தம் எதிரொலிக்காது என்பதால் அங்கேயே பதிவு செய்தார்கள். முதல் கேசட், 'ஜீப்பில் இடமில்லை'. கேட்டவர்கள் காதைப் பொத்தினார்கள், பிள்ளைகள் பாட்டை நிறுத்தினார்களா? நிறுத்தவில்லை! மறுவருஷம், 'அட்டை கடிச்சிருச்சு'. பஸ்ஸில் அதைப் போட்டால் இறங்கும் இடத்தையே மறந்தார்கள். யாரப்பா அங்கே சிரிப்பது? மஞ்சக்குட்டையைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தவன் நீதானே!

மூன்றாம் வருஷம் ரைட்டர் வந்தார்.

"இந்தா குப்பாயி, இந்தப் புள்ளைக போடற சத்தத்துல காப்பிக்கொட்டை வாசமே போயிரும்."

"வாசம் போறது சத்தத்துலீங்களா, உங்க பீடியிலீங்களா?" என்றேன்.

பொறுக்குமா அவருக்கு? பதிவுக்கு முதல்நாளே லாரியை வரவழைத்து மூட்டைகளை மலையிறக்கிவிட்டார். டிரம்மைத் தலையில் சுமந்து வந்த பிள்ளைகள் எதைக் கண்டார்கள்? நான்கு சுவரைக் கண்டார்கள்! ஓர் அடி அடித்தால் மூன்றாகத் திரும்பி வந்தது. "கெணத்துக்குள்ள பாடற மாதிரி இருக்குது கண்ணு, பொட்டியக் கட்டுங்க" என்றார் ஞானசுந்தரம். அன்று விட்டால் அவர் மறுபடி மலையேற மாட்டார். நான் ரைட்டரைத் திட்டத் தொடங்கினேன்.

"அம்மாயி, செத்த பேசாம இருங்க. சத்தம் போயிட்டு வரட்டும், அப்பறம் அடிக்கறேன்" என்றாள் ராசம்மாள்.

அடித்தாள், காத்திருந்தாள். சுவர் பதில் சொன்னது. அது அடங்கியதும் அடுத்த அடி! அந்த இடைவெளியில் சரஸ்வதி பாடினாள். இரட்டையர் கிடாரை அடக்கி வாசித்தார்கள். பிறந்தது 'காலி குடோன்'!

இன்று ரைட்டர் கேட்கிறார், "நான் மூட்டைய அனுப்பலீன்னா அந்தச் சத்தம் வந்திருக்குமா?" என்று. கூரையைப் பிடுங்கியவர் நிலா வெளிச்சத்துக்குச் சொந்தம் கொண்டாடுவதா? குடோனைக் காலி செய்தவர் அவர், காத்திருந்தது யார்? சுவரையும் கூட்டாளியாக்கித் தாளம் கண்டது யார்? பதினேழு வயதுப் பெண்ணின் காதுகள் அல்லவா! தலைவரே, உட்காரச் சொல்லிக் கை காட்டாதீர்கள். மைக்கை அணைத்தாலும் என் குரல் அடிவாரம்வரை போகும்!

ராசம்மா, மேலே வா சாமி. கொஞ்சம் குனி. இதோ, போர்த்திவிட்டேன் பொன்னாடை! தட்டுங்கள் கையை!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றியும் வணக்கமும். காதைப் பொத்தியவர்களை மன்னித்தேன். கேசட்டை இரவல் வாங்கித் திருப்பித் தராத தலைவரையும் மன்னித்தேன். சாகும்வரை மன்னிக்க மாட்டாத ஆள் ஒருவர்தான்: ரைட்டர் தேவசிகாமணி!