சிக்கிக்கொண்ட தோட்டாவுக்கு ஒரு சீப்புப் பழம்

போர்க் காலம் என்பதால் சோளக்காடு கிராமத்தில் மண்ணெண்ணெய் வரிசை காலையிலேயே நீண்டுவிட்டது. எனக்கு முன்னால் நின்ற பெண், தனக்கு முன்னால் நின்ற காப்பித் தோட்டத்துக் காவல்காரரிடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினாள்.

“இது உங்களுக்கில்லீங்கண்ணா. உங்க தோட்டாவுக்கு.”

“தோட்டா எங்க அம்மிணி பழம் திங்குது?”

“அது சிக்கலீன்னா எங்கூட்டுக்காரரு இன்னிக்கு இல்லீங்களே. சாமைக்காட்டுல குனிஞ்சு களை எடுத்தவரைப் பன்னின்னு குறி வெச்சீங்களாமா.”

காவல்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பொழுது மசங்கிருச்சு அம்மிணி. கறுப்பா ஏதோ அசைஞ்சுது. எந்துப்பாக்கியில அடியில இருக்கற பிடியை இழுத்தாத்தான் தோட்டா மேல ஏறும். சண்டையில அதுக்கு ஏத்தது கெடைக்கலைன்னு கனமான குண்டு வெச்ச தோட்டாவைத் தோட்டத்துல குடுத்துட்டாங்க. நீளம் சாஸ்தி, பாதியில நின்னுக்கிச்சு. திட்டிக்கிட்டே பிடியை ஆட்டறேன், உங்கூட்டுக்காரரு எந்திரிச்சு நிக்கறாரு.”

“அந்தத் தோட்டா நல்லா இருக்கோணுமுங்க. இனியும் அதையே போடுங்கண்ணா.”

“நேத்து சரியான தோட்டா வந்திருச்சே. ஆனா இனிமே மொதல்ல சத்தம் போட்டுக் கூப்புடுவேன். மனுசன்னா பதில் வருமில்ல?”

“அவருக்குக் காது கேக்காதுங்களே!”

வரிசையே திரும்பிப் பார்த்தது. காவல்காரர் பழச்சீப்பை வாங்கிக்கொண்டார்.

“அப்ப உங்க காட்டுப் பக்கம் வந்தா மட்டும் பழைய தோட்டாவையே போட்டுக்கிட்டு வாரேன் அம்மிணி.”