கால்மிதிக்கு அடியில்

“வண்டி இழுக்கலைன்றேன், நீ இன்னாடான்னா…”

“இழுக்கலைன்னா மெதுவா ஓட்டு. அதுக்கு அத அறுத்துத் தூக்கிப் போடுவியாடா?”

“அடைச்சிகினு கீதும்மா. மூக்கப் பொத்திகினு ஓடச் சொன்னா நீ ஓடுவியா?”

“உங்கப்பா இருந்திருந்தா…”

“அவரு இருந்தா அவரே அறுத்திருப்பாரு.”

எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான், ஐயா. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதில்லை. மேனாம்பேட்டில் எங்கள் தெருவைக் கடந்து போகிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். சண்டை இல்லை. நானும் என் மகன் பாஸ்கலும் காரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் ஞானம்மாள். என் கணவர் செபாஸ்டியன் வீட்டை ஒட்டியே சைலன்சர் பட்டறை வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடம் அவருக்கு கேஸ்கட் வெட்டிக் கொடுத்தவள் நான். இரண்டு குழாய் சேருகிற இடத்தில் புகை கசியாமல் வைக்கிற வளையம் அது. அதனால் புகையின் குணம் எனக்குத் தெரியும். எஞ்சின் மூச்சு விடுகிற வழி அந்தக் குழாய். வழியை நெருக்கினால் வண்டி திணறும். திறந்துவிட்டால் நன்றாக இழுக்கும், தெருவையே எழுப்பும்.

பாஸ்கல் வாடகைக்கு ஓட்டியது தொண்ணூற்றைந்தில் வந்த கார். அந்த வருடம்தான் புதுக் கார்களில் எஞ்சினுக்குப் பின்னால், குழாயின் நடுவில், கன்வெர்ட்டர் என்று ஒரு டப்பா வைத்தார்கள். உள்ளே தேன்கூடு போல இருக்கும். புகையில் இருக்கிற விஷத்தை அது தின்றுவிடும். ஈயம் இல்லாத பெட்ரோல்தான் போட வேண்டும். அது கிடைக்கிற பங்க்கில் வரிசை நிற்கிறது என்று இவன் ஆவடியில் ஈயம் கலந்த சாதா பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு முறை இரண்டு முறை அல்ல. கூடு அடைத்துக்கொண்டது. மேடு ஏற வண்டி முனகியது. நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் டப்பாவை அறுத்து, கூட்டை உளியால் இடித்துக் கொட்டிவிட்டு, வெறும் டப்பாவை மறுபடி பற்றவைத்தான். நிறைய டிரைவர்கள் செய்ததுதான். மறுநாள், “பாத்தியாம்மா, குதிர மாதிரி போவுது” என்றான்.

இதுவரை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இதற்காகத்தான் அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். “என் பொண்டாட்டிய நான்தான் கொன்னேன்” என்று அவனும் எழுதிக் கொடுத்தானாம். அதைச் சரிசெய்யத்தான் வந்தேன்.

ஐப்பசியில் அவனுக்கு மஸ்கட்டில் டிரைவர் வேலை வந்தது.

“ஆறு மாசம்மா. அப்பால ஜெயாவையும் கூட்டிக்குவேன்.”

“நான்?”

“நீ இங்க இரு. ஊட்ட யாரு பாத்துக்கறது?”

அவன் கேட்டது நியாயம்தான். எனக்குக் கோபம் வரவில்லை.

ஏஜெண்ட் மெடிக்கலுக்கு, வெளிநாடு போகுமுன் செய்கிற உடல் பரிசோதனைக்கு, தேதி கொடுத்தான். மூன்று வாரம் இருந்தது. பட்டறையை மூடி வருடங்கள் ஆகிவிட்டன, ஆனால் அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளம் அப்படியே இருக்கிறது. கார் அதன் மேல்தான் நிற்கும். காலையில் கால்மிதிகளை எடுத்துக் கழுவிப் போடுவது என் வேலை. டிரைவர் கால் வைக்கிற இடத்தில், கால்மிதிக்கு அடியில், தரைத் தகட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினேன். பிறகு பள்ளத்தில் இறங்கி, குழாய் சேருகிற இடத்தில் நட்டைத் தளர்த்தினேன். கொஞ்சம் புகை உள்ளே கசியும், தலைவலி வரும், மெடிக்கலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

தலைவலி வந்தது. சாயங்காலம் வந்ததும் படுத்துக்கொள்வான். நான் தைலம் தேய்ப்பேன். பத்து வயதுக்குப் பிறகு அவன் என் மடியில் தலை வைத்தது அந்த நாட்களில்தான். மெடிக்கலில், உடம்பைத் தேற்றிக்கொண்டு ஒரு மாதம் கழித்து வா என்று அனுப்பினார்கள். அன்றைக்கே நட்டை முறுக்கிவிடலாம் என்று பள்ளத்தில் இறங்கினேன். ஸ்பேனர் கையில் இருந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி கூப்பிடுவார்களே என்று நினைத்தேன். ஏறி வந்துவிட்டேன்.

என் மருமகள் ஜெயகுமாரி கெட்டிக்காரி.

“அத்தே, ஞாயித்துக்கெழம பூசைக்கு நடந்து போனா இவருக்கு ஒண்ணுமில்ல. கார்ல ஏறுனாதான் தலவலி.”

“பெட்ரோல் வாசன ஒத்துக்கலம்மா.”

“பத்து வருசமா ஓட்றாரு, இப்பதான் ஒத்துக்கலயா? இன்னிக்கு நானும் கூட போறேன். இன்னாதான்னு பாத்துடறேன்.”

பாஸ்கல் சிரித்தான். “ஏறு தாயே. புது மெக்கானிக்கு.”

பூந்தமல்லியில் ஆள் ஏற்ற வேண்டிய சவாரி. நல்ல மழை. நான் வாசலில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன், எப்படி என்று கேட்பான். அதன் பிறகு மஸ்கட்டுக்குப் போகிறவன் திரும்பி வர மாட்டான். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கையசைத்தாள்.

“கண்ணாடிய ஏத்திக்கோம்மா, சாரல் அடிக்குது” என்றேன்.

நனையக் கூடாதே என்றுதான் சொன்னேன்.

வழியில் சாலைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்சக்கரம் மேட்டில் ஏறிவிட்டது, பின்பக்கம் தண்ணீரில் சிக்கிக்கொண்டது. அந்த நிலையில் எஞ்சினை அணைக்கக் கூடாது, ஐயா. அணைத்தால் குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிடும். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவன் அப்பா. எஞ்சின் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, தள்ள ஆள் கூட்டிவர இறங்கினான். “நீ உள்ளயே குந்து ஜெயா, நனையாத” என்று அவனும் சொல்லியிருக்கிறான்.

குழாயின் வாய் தண்ணீரில் அடைத்துக்கொண்டால் புகை எங்கே போகும்? வழி இருக்கிற பக்கம் போகும். இரண்டு பேரோடு அவன் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறாள் என்று நினைத்து, எழுப்பாமலே வண்டியைத் தள்ளினார்களாம்.

தேன்கூட்டை இடித்தது அவன். மழையை யாரும் அனுப்பவில்லை. அவள் தானாக ஏறினாள். நான் ஒரு நட்டைத் தளர்த்தினேன், ஒரு மூடியைக் கழற்றினேன், கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் இது என்னிடம்தான் வந்து நிற்கிறது. அதனால் ஞானம்மாள் கொன்றாள் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்து வந்ததும் அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நீ வேணான்னு சொன்னியேம்மா. நான்தாம்மா அத அறுத்தேன்.” முதுகைத் தடவிக் கொடுத்தேன். “மஸ்கட்டு வேணாம்மா, எங்கயும் போவல, உன்கூடவே இருந்துடறேன்” என்றான். அன்று இரண்டு வாய் சோறு ஊட்டினேன், சாப்பிட்டான். மறுநாள் உங்கள் ஆட்கள் வந்து கூட்டிப் போய்விட்டார்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள். நாளைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேறொன்றும் கேட்கமாட்டேன். ஒன்றே ஒன்று.

“இதெல்லாம் அவங்கிட்ட சொல்லிடாதீங்கய்யா. என்ன உட்டா இப்ப அவனுக்கு யாரு கீறாங்க?”