கனவில் இறங்கிய கிணறு

சாத்தூர் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். தீப்பெட்டிக் கம்பெனிப் பசை அவர்கள் விரல்களில் காய்ந்திருந்தது. சன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

"அக்கா, நேத்து கனவுல ஊர்க் கிணத்துக்குள்ள எறங்கிட்டேன். மொத்தம் இருபத்தாறு படி."

"ஏட்டி, நம்மள அங்கன தண்ணி எடுக்க விடலன்னுதான கேசு போட்டிருக்கு? நீ படிக்கணக்குச் சொன்னா, தெனமும் எறங்குறவதானேன்னு கேசத் தள்ளிருவாக."

"இன்னைக்குச் சாட்சிக் கூண்டுல எதிர் வக்கீலு எத்தனை படின்னு கேப்பாராம்லக்கா."

"தெரியாதுன்னு சொல்லு. நம்ம வக்கீலய்யா அம்புட்டுத் தடவ சொன்னாகளே. காசு வாங்காம வாதாடுறவுக பேச்சுன்னு எளக்காரமா?"

நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். கரிசல் காட்டு வெயில் இமையில் சிவப்பாக விழுந்தது. பிறகு மூத்தவளின் குரல் தணிந்து வந்தது.

"தண்ணி எப்படிட்டி இருந்துச்சு?"

"குளுகுளுன்னு இருந்துச்சு. இடுப்பளவுக்கு நின்னேன். ஒருத்தரும் வையல."

பஸ் கோர்ட்டு வாசலில் நின்றது. இளையவள் எழுந்திருக்கவில்லை.

"பொறந்த ஊருக் கிணறுக்கா. தெரியாதுன்னு நாலு பேரு முன்னால சொல்ல வெக்கமா இருக்கு."

"வெக்கப்பட வேண்டியவுக எதிர்ல நிப்பாக. அவுக மொகத்தப் பாத்துச் சொல்லு. எந்திரி."