நாற்பது காக்கிப் பழங்கள்

— கினுயோ அக்கா, இன்னைக்கும் எதையாவது அவங்க தலையில கட்டுனீங்களா?

— காலங்காத்தால சண்டைக்கு வர்றியாடி செட்சு? ரெண்டே ரெண்டு முள்ளங்கி. உன் விடுதிக்கு வந்தவங்க, பாவம், மலையேறிக் களைச்சவங்களேன்னு...

— ஒண்ணு ஒண்ணும் என் கை நீளம்! அந்த ஆஸ்திரேலியாப் பொண்ணு அதை மடியில வச்சுக்கிட்டு அழாத குறையா உக்காந்திருக்கா. பதிலுக்கு என்ன கொடுக்குறதுன்னு என்னைக் கேக்குறா.

— பண்பான பொண்ணு. புருஷன்தான் ஒரு மாதிரி. நேத்து குளிச்சிட்டு, யுகாதா அங்கியை வலப்பக்கம் மேல வர்ற மாதிரி, பொணத்துக்குக் கட்டுற கட்டு கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறான். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுட்டேன்.

— பேச்சை மாத்தாதீங்க. வியாழக்கிழமை ஒரே ராத்திரி தங்கிட்டு மலையைத் தாண்டிப் போக வந்தவங்க. வழி காட்டுனதுக்கு உங்களுக்குக் கட்டைவிரல் அளவு கோலாக் கரடி பொம்மை ஒண்ணு கொடுத்தாங்க. அதுக்கு நீங்க?

— நாலு காக்கிப் பழம். தக்காளி அளவுதானே ஒண்ணு.

— நாற்பது! அவங்க பதறிப்போய்க் கம்பளிக் காலுறை கொடுத்தாங்க. நீங்க அஞ்சு கிலோ புது அரிசியோட வந்து நின்னீங்க. அரிசி மூட்டையோட எவன் மலையேறுவான்? தின்னு தீர்த்துட்டுப் போவோம்னு தங்கிட்டாங்க. நேத்து பூரா உங்க வயல்ல வைக்கோல் கட்டுனாங்க.

— கட்டுனது எல்லாமே கோணல்.

— வாங்குனதோட மதிப்புல பாதிக்குத் திருப்பிக் கொடுத்தா ரெண்டு தடவையில கொடுக்கல் வாங்கல் அடங்கிரும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும் இது. பையில கரடியை விரட்டுற மணியைக் கட்டிக்கிட்டு மூணு நாளா ஊருக்குள்ளேயே கிணுகிணுன்னு சுத்துறாங்க. விடுதியை மூடிட்டுப் போற நேரத்துல எனக்கு இந்த மானக்கேடு வேறயா?

— மூடுறதுன்னு முடிவே பண்ணிட்டியா?

— வேற வழி? ஆளுக்கு ராத்திரிக்கு ஒண்ணுன்னு இந்த மாசத்துக்குள்ள பத்துப் படுக்கை நிரம்பலேன்னா பாதையிலேருந்து நம்ம ஊரை எடுத்துருவோம், பயணிங்களை பஸ்ல ஏத்தி அடுத்த ஊருல இறக்குவோம்னு இவங்களை அனுப்பி வச்ச நடைப்பயணக் கம்பெனிக்காரன் சொல்லிட்டானே. போன வாரம் வரைக்கும் நாலே நாலு. அதுக்கப்புறம் நான் எண்ணக்கூட இல்ல... இருங்க, போன் அடிக்குது. அவன்தான். ஹலோ? ஆமா, செட்சுதான் பேசுறேன்... என்னது? இன்னொரு தடவை சொல்லுங்க... சரி. சரிங்க. ரொம்ப நன்றிங்க!

— யாரு செத்தா?

— அக்கா... ரெண்டு பேரு, மூணு ராத்திரி, ஆறு படுக்கை. பத்து ஆயிருச்சாம்! அடுத்த வருஷமும் நம்ம ஊரு வழியாத்தான் நடப்பாங்களாம்!

— பின்ன என்ன, இனி அவங்களை அவிழ்த்து விடு. முள்ளங்கிக்கு ஒண்ணும் தரவேண்டாம், கணக்கு நேர்னு சொல்லு. போற வழியில கடிச்சுக்கிட்டே ஏறட்டும்.

— இருங்க. பத்துன்னு சொன்னதும் நீங்க கொஞ்சமாச்சும் அதிசயப்படலியே?

— நீ போன்ல பேசுறது அடுத்த வீட்டுல என் குளியலறை ஜன்னல்ல ரேடியோ மாதிரிக் கேக்கும். நாலு போக மிச்சம் ஆறுன்னு எனக்கு எண்ணத் தெரியாதா?

— அப்போ பழம், அரிசி, எல்லாம் வேணும்னேதானா? ஊரே உங்களை மரியாதை தெரியாத பொம்பளைன்னு சிரிச்சுது. எதுக்கு அக்கா இவ்வளவும்?

— நல்லாக் கேட்ட போ! நீ மகன் வீட்டுக்கு நகோயா போய்ட்டா, இந்த ஊருல நான் வேற யாரு வீட்டை எட்டிப் பாக்குறது?