முந்நூற்றெண்பது யுவான் நியாயமான விலைதான்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. ஒரு துண்டு கற்கண்டு கூடப் போட்டிருந்தால் இன்னும் பிரமாதமாக இருந்திருக்கும். பரவாயில்லை, கேட்டதற்குச் சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஹுவாசியாங்பெய் எலக்ட்ரானிக்ஸ் சந்தை மூன்றாம் மாடியில் பதினாறு வருஷமாக, கரண்ட் அளக்கிற மல்டிமீட்டர் விற்கிறேன். என் மீட்டர் முந்நூற்றெண்பது யுவான். பக்கத்துக் கவுண்டர் ஷாவ் அக்காவிடம் அதே மாதிரி ஒன்று அறுபத்தெட்டுக்குக் கிடைக்கும். இரண்டுக்கும் மேல்கூடு ஒரே அச்சில் வார்த்தது. உள்ளே இருப்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. என்னுடையதில் மணல் அடைத்த தடித்த ஃபியூஸ். அக்காவுடையதில் கண்ணாடிக் குழாய்க்குள் மயிரிழை போல ஒரு கம்பி.

லுவோவும் அவன் தங்கை புருஷன் கெங்கும் எலக்ட்ரீஷியன்கள். லுவோ என்னிடம் வாங்கினான், கெங் அக்காவிடம். போன செவ்வாய் மத்தியானம் இருவரும் மீட்டரும் கையுமாக வந்து நின்றார்கள். கெங்குக்கு வாய் அதிகம்.

"கூடு ஒண்ணு, காட்டுற நம்பரும் ஒண்ணு. மிச்சக் காசுக்கு உள்ள தங்கமா வச்சிருக்கீங்க, பெங் அண்ணே?"

மாடியே சிரித்தது. ஷாவ் அக்கா வாயில் சோற்றோடு சிரித்தார். நானும்தான் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். லுவோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். ஏமாந்துவிட்டோம் என்று அவன் நினைத்துவிட்டான், பாவம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐயா, விலை நியாயமா இல்லையா என்று வாயால் சொல்லி நிரூபிக்க முடியுமா? இரண்டையும் ஒரே சோதனைக்கு விட வேண்டும். பேட்டரி இலவசமாக மாற்றித் தருகிறேன் என்று இரண்டு மீட்டரையும் வாங்கினேன். அப்போது எனக்கு வந்த குஷியைச் சொல்லி மாளாது. கவுண்டருக்குக் கீழே கால் தானாகத் தாளம் போட்டது. பேட்டரியை மாற்றினேன். சிவப்பு ஒயரை வோல்ட் துளையிலிருந்து பிடுங்கி ஆம்பியர் துளையில் செருகினேன். அப்படியே கரண்டில் வைத்தால் மொத்த மின்சாரமும் மீட்டருக்குள் பாயும், ஃபியூஸ் ஒன்றுதான் அதைத் தடுக்கும். இரண்டிலும்தான். தொழிலில் இருப்பவர்கள் என்றாவது ஒருநாள் மறதியாகச் செய்கிற தப்பு அது. நான் அந்த நாளை மட்டும் குறித்துக் கொடுத்தேன்.

அன்று அவர்களுக்குப் பம்பு ஹவுஸ் பெரிய பேனலில் வேலை. முதலில் லுவோ ஒயரை வைத்தான். பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டர் செத்தது, ஆள் தப்பினான். ஃபியூஸ் தன் வேலையைச் செய்தது. எவ்வளவு அழகு பாருங்கள்.

அதைப் பார்த்துக் கெங் விழுந்து விழுந்து சிரித்தானாம். "முந்நூத்தெண்பது போச்சா மச்சான்? தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்று லுவோவை ஒதுக்கிவிட்டுத் தன் மீட்டரை வைத்திருக்கிறான். அது கையிலேயே வெடித்தது. முகத்தைத் துணி போட்டு மூடித்தான் பிணத்தை லுவோவின் தங்கையிடம் காட்டினார்களாம். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் லுவோ வந்தான். புது ஃபியூஸ் எடுத்து வைத்தேன், காசு வேண்டாம் என்றேன். விலை நியாயம்தான் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று சின்னப் பிள்ளை மாதிரி காத்திருந்தேன். அவன் ஃபியூஸைத் தொடவே இல்லை.

"ஒருத்தன் மறக்கலாம், அண்ணே. ரெண்டு பேரும் ஒரே நாள்ல எப்படி மறப்போம்?"

கேட்டுவிட்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டான்.

நீங்களும் அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். ஆமாம், ஐயா, ஒயரை நான்தான் மாற்றினேன். கெங்குடையதை மட்டும் மாற்றியிருந்தால் அவன் மறதி என்று போயிருக்கும், நான் இந்நேரம் கடையில் இருந்திருப்பேன். அது எனக்கும் தெரியும். ஆனால் ஒருவனுடையதை மட்டும் மாற்றுவது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.