ஒட்டகச்சிவிங்கிக்கு எதிரே போட்ட நாற்காலி

இந்த வாக்குமூலத்துக்காக என் பெயரையும் முகவரியையும் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டீர்கள். வயது அறுபத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் வெளியூரில் குடும்பத்தோடு இருக்கிறான். மிருகக்காட்சிசாலையில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது, ஜாடி அக்கா என்று கேட்டால்தான் தெரியும். அங்குள்ள உணவகத்தில் தண்ணீர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக நடந்து வேலையை ஆரம்பித்தவள் நான். பிறகு பரிமாறுபவர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர் ஆனேன், ஆனாலும் பெயரிலிருந்து ஜாடி இறங்கவில்லை.

மேற்படி உணவகம் ஒட்டகச்சிவிங்கிகளின் அடைப்பை ஒட்டி இருக்கிறது. வட்டமான கூடம், உயரமான கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கிறது, கூரை காகிதத்தை மடித்தாற்போல மடிப்பு மடிப்பாக இருக்கும், கூடத்துக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது, சுற்றிலும் கண்ணாடி. கண்ணாடியை நேராக நிறுத்தாமல் மேற்பக்கம் வெளியே தள்ளியபடி சாய்த்து வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் விளக்கும் முகமும் அதில் பிரதிபலிக்காது என்று கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட் திறப்பு விழாவன்று எங்களை வரிசையாக நிறுத்தி விளக்கினார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணும் ஒட்டகச்சிவிங்கியின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்படிதான் தூண்களின் உயரத்தை வைத்ததாகவும் சொன்னார். மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று அதைத் தூண்களுக்குள் ஒளித்து வைத்த புண்ணியவானும் அவர்தான்.

திறந்த புதிதில் கூட்டம் அலைமோதியது. ஆனால் ஒட்டகச்சிவிங்கிகள் கண்ணாடிப் பக்கமே வராமல் தூரத்தில் கொட்டகையோரம் நின்றுகொண்டன. சாப்பிட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அதன் பிறகு மேலாளரும் ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்துக்கொள்ளும் கீப்பரும் கூடிப் பேசி, கூரை விளிம்பில் ஒரு கப்பியை மாட்டினார்கள். நாங்கள் மதியச் சாப்பாட்டை மேசையில் வைக்கிற நேரம் பார்த்து, கீப்பர் கீழேயிருந்து இலைக்கட்டைக் கயிற்றால் மேலே இழுப்பார். சூப்புக் கிண்ணத்துக்கும் இலைக்கட்டுக்கும் நடுவே கண்ணாடி மட்டும்தான். நாளடைவில் அவை எங்களைப் பார்த்துக்கொண்டே தின்னப் பழகிவிட்டன. அங்கேயே பிறந்து வளர்ந்த ஏணி என்ற பெண் ஒட்டகச்சிவிங்கிக்கு எதிரே ஆள் இல்லாத சாப்பாடே தெரியாது. அப்படிப் பழக்கியது தப்பு என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு பல வருடம் கழித்துத் தூண்களுக்குள் இருந்த குழாய்களில் இலை அடைத்துக் கூரை ஒழுக ஆரம்பித்தது. தூணை உடைக்காமல் குழாயைச் சரிசெய்ய முடியாது, தூணை உடைத்தால் கட்டடமே நிற்காது. உணவகத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வருடம்தான் என் கணவரும் போனார். அதன் பிறகு ஒரு நாள் கீப்பர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, ஏணி இலையைத் தொடவே மாட்டேங்குது. கண்ணாடி கிட்ட வந்து உள்ள எட்டிப் பார்க்குது, ஆள் இல்லைன்னதும் திரும்பிப் போயிடுது. விலா எலும்பை எண்ணிடலாம் போல இருக்கு. நீங்க வந்து ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்களேன்" என்றார்.

டிபன் டப்பாவோடு போனேன். காலி மேசைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏணி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தது. நான் ஒரு வாய் மென்றேன், அதுவும் இலையைப் பிடித்து இழுத்தது. அன்றிலிருந்து தினமும் மதியம் போனேன். கீப்பரே அலுவலகத்தில் சொல்லிப் பக்கவாட்டுக் கதவின் சாவியை எனக்கு வாங்கிக் கொடுத்தார். ஆகவே நான் திருட்டுத்தனமாக நுழைந்தேன் என்று கட்டடத்தை இடிக்க வந்த ஒப்பந்தக்காரர் சொல்வது பச்சைப் பொய்.

அதன் பிறகு அந்தக் கீப்பர் ஓய்வுபெற்றுப் போனார். கட்டடத்தை இடிக்கப்போவதாக வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஏணி பட்டினி கிடக்குமே என்று புதுக் கீப்பரிடம் சண்டைக்கே போனேன். அவர் கெட்டிக்காரர். இலைக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிக் கட்டிக் கொட்டகை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். "கவலையை விடுங்கம்மா, இப்ப யாரும் இல்லாமலே நல்லா சாப்பிடுது. இனிமே நீங்க அலைய வேண்டாம்" என்றார். ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளும் போனேன். ஏணி கொட்டகையோரம் நின்று தின்றது, நான் அதன் பின்புறத்தைப் பார்த்தபடி சாப்பிட்டேன். அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே. ஒரு தடவைகூட அது திரும்பிப் பார்க்கவில்லை. நன்றிகெட்ட ஜென்மம் என்று வாய்விட்டே திட்டினேன். அந்தப் பெரிய கூடத்தில் என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

சம்பவத்தன்று நான் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கண்ணாடிகளைக் கழற்ற வந்தார்கள். நான் கதவை உள்பக்கம் தாழிட்டேன். "பாட்டி, அடம் பிடிக்காம வெளிய வாங்க" என்று ஒருவர் கத்தினார். "யாருடா பாட்டி?" என்று கேட்டது நான்தான், அதை மறுக்கவில்லை. அதைத் தவிர கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. அதன் பிறகு ஆய்வாளராகிய தாங்கள் வந்து கதவைத் தட்டினீர்கள், நான் திறந்தேன். தாங்கள் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க சாப்பிட்டு முடிங்கம்மா, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றீர்கள். கையில் எடுத்த சோற்றைத் திரும்ப டப்பாவிலேயே போட்டேன். டப்பாவை மூடிக்கொண்டு தங்களோடு ஜீப்பில் ஏறினேன்.

உள்ளே சென்று தாழிட்டதற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு, விலங்கின் நலனுக்காக என்று முதலில் சொன்னேன், தாங்களும் எழுதிவிட்டீர்கள். வாசித்துக் காட்டியபோது அந்த வரியை அடிக்கச் சொன்னேன். "அப்ப என்னன்னு எழுதட்டும்மா?" என்று கேட்டீர்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்று எழுதச் சொன்னேன்.

திருத்தம் இது ஒன்றுதான். மற்றவை நான் சொன்னது சொன்னபடி இருக்கின்றன, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, அவ்வளவும் உண்மை. அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)