எதிரணி வட்டத்தில் பன்னிரண்டு விநாடி

சனிக்கிழமை ஆட்டத்தை ஊரே பார்க்கும். ஞாயிறு காலை வீடியோவை நான் பார்ப்பேன். கான்சஸில் எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பத்தொன்பது வருடமாக என் வேலை அதுதான். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும், ஒவ்வொரு நகர்வுக்கும் மார்க் போடுவது.

ஓரன் டில்மன் பந்தைச் சுமந்து ஓடுகிறவன். அந்தப் பருவத்தில் அவன் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிப் போட்டது மூன்றே டச்டவுன். அந்தக் கோட்டுக்கு இரண்டு கெஜம் இருக்கும்போது தலைமைப் பயிற்சியாளர் அவனை வெளியே கூப்பிட்டுவிட்டு ஒரு தடியனை இறக்குவார். அறுபது கெஜம் உழுதவன் இவன், அறுத்துக்கொண்டு போனவன் அவன். ஊரில் ஓரனை யாரும் சீந்தவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. பிடிபட்ட பிறகும் எத்தனை அடி இழுத்துக்கொண்டு போகிறான், பந்து கையில் இல்லாதபோது, பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் மேல் பாய்கிறவனை எப்படிக் குறுக்கே விழுந்து தடுக்கிறான், எல்லாவற்றையும் எழுதித் தொழில்முறை அணி ஒன்றுக்கு அனுப்பினேன். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை நேரில் பார்க்க ஆள் வருவதாகப் பதில் வந்தது.

அதற்கு முந்தைய வார ஆட்டத்தில், பாய்ந்து வந்த ஒருவனை ஓரன் தலையால் முட்டித் தடுத்தான். அழகான தடுப்பு. எழுந்த ஓரன் நேரே போய், தன் அணி என்று நினைத்து, எதிரணிக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த வட்டத்தில் தோளோடு தோள் சேர்ந்து நின்றுகொண்டான். அவர்களே சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் மருத்துவர் அப்போது வேறொருவனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று அந்தப் பன்னிரண்டு விநாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீடியோ என்னிடமிருந்துதான் மருத்துவருக்குப் போகும். அவர் பார்த்தால் தலையில் அடி என்று அவனை இரண்டு வாரம் உட்காரவைத்துவிடுவார். வருகிறவர் தடியனைப் பார்த்துவிட்டுப் போவார். நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். வெட்டினேன்.

மத்தியானம் ஓரன் வந்தான்.

"கோச், நேத்து ரெண்டாம் பாதி எனக்கு ஞாபகமே இல்ல. சொதப்பிட்டனா?"

"முழு மார்க் வாங்கியிருக்கே."

"நீங்க யாருக்குமே முழு மார்க் போடமாட்டீங்களே. சும்மா கலாய்க்காதீங்க கோச்."

அவன் சந்தோஷப்பட்டதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தவர் நோட்டுப் புத்தகத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில் அதே பாய்ச்சல், அதே தடுப்பு. குவார்ட்டர்பேக் மேல் தூசி படவில்லை. ஓரன் எழவில்லை.

இப்போது அவன் அம்மா வெர்னா அவனுக்கு ஓட்ஸ் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டுகிறார். போன வாரம் போயிருந்தேன். ஓரன் என்னைப் பார்த்தான்; யாரென்று தெரியவில்லை.

"எல்லாரும் டச்டவுனைத்தான் எண்ணுனாங்க கோச்," என்றார் வெர்னா, என் கையைப் பிடித்துக்கொண்டு. "என் பையனை ஒழுங்கா பார்த்தது நீங்க ஒருத்தர்தான்."

வெட்டியது நான்தான். விசாரணைக் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிய மறுநாள் காலை, வழக்கம்போல் உட்கார்ந்து, அந்தக் கடைசித் தடுப்புக்கும் முழு மார்க் போட்டேன். அவனுக்குச் சேரவேண்டியதில் ஒன்றைக்கூட நான் குறைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.